மூன்றாம் அறைக் கதவு

மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. மாடிப்படியில் அதுவும் நானும் தனித்தனியாக ஏறுகிறோம். உன் இடது காது எப்படி இருக்கிறது? வீட்டில் உன் மனைவியும் மகளும் சுகம்தானே?

வருஷத்துக்கு இரண்டு கடிதம்தான் நம் வழக்கம். இந்தத் தடவை உன்னால் எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும். எங்கள் இரு நாட்டு அணுசக்திக் கூட்டுக் குழுவுக்கு டிசம்பரோடு இருபத்தைந்து வயது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற அன்றைக்கே குழுவின் வரலாற்றை ஒரு நூலாக வெளியிட வேண்டுமாம். எழுத வேண்டியவள் நான். ஜனவரியில் ஓய்வு பெறுகிறவளுக்கு வழியனுப்புப் பரிசு இது.

இந்த அலுவலகத்தில் எல்லாமே இரண்டு என்பது உனக்குத் தெரியும். நாட்டுக்கு ஒருவராக இயக்குநர் இரண்டு பேர், ஆவண அறைக்குச் சாவி இரண்டு, சுவரில் கடிகாரம்கூட இரண்டு. மனிதர்களைப் பற்றிய செய்திதான் ஒன்றுமில்லை. முதல் ஆய்வாளர்கள் எட்டுப் பேரில் உயிரோடு இருப்பது நீயும் இன்னொருவரும். அவருக்கு நினைவு தப்பிவிட்டது. ஆகவே நீதான் எழுத வேண்டும். ஒரு புகைப்படம் இருந்தால் அனுப்பு.

பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு என் அனுதாபம். என் காது அப்படியேதான் இருக்கிறது. வீட்டில் திட்டு விழும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொள்கிறேன். இவளும் மகளும் நலம். மகள் உங்கள் குழு நடத்தும் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். சிபாரிசு கேட்கவில்லை, செய்தி சொல்கிறேன்.

அந்தக் காலம் உனக்கும் ஞாபகம் இருக்கும். ஆற்றின் ஒரு கரையில் புகைக்கூண்டு எழுந்தால் மறுகரைப் பத்திரிகை அதைக் குண்டு என்று எழுதும். இரண்டு நாடும் அணு உலை கட்டின. இரண்டும் மின்சாரத்துக்குத்தான் என்று சத்தியம் செய்தன. ஒன்று மற்றொன்றை நம்பவில்லை. கடைசியில், உன் வீட்டு அடுப்படியை நான் எட்டிப் பார்க்கிறேன், என் வீட்டு அடுப்படியை நீ எட்டிப் பார் என்று ஒப்பந்தம் போட்டார்கள். எட்டிப் பார்க்கப் போனவர்கள்தான் நாங்கள்.

இப்போது நான் குடியிருக்கும் இந்த நாட்டு நிலையத்துக்கு முதல் தடவை ஆய்வுக்கு வந்தபோது வாசலில் ஏகப்பட்ட உபசாரம், பின்னால் ஒரு காவலாளி. கழிப்பறைக்குப் போனால்கூட வெளியே நின்று இருமுவான். எரிபொருள் கட்டுகளை எண்ணுவோம். அறைக் கதவில் கம்பி கோத்து ஈய முத்திரை வைத்து நசுக்குவோம். ஒவ்வொரு முத்திரைக்கும் ஓர் எண். அடுத்த தடவை வரும்போது கம்பி அறுபடாமல், எண் மாறாமல் இருந்தால் யாரும் கதவைத் திறக்கவில்லை என்று அர்த்தம். இரண்டு நாட்டின் சமாதானமும் விரல் நீளக் கம்பியில் தொங்கியது என்று உன் நூலில் எழுதிக்கொள். கேட்க நன்றாக இருக்கும்.

புகைப்படம் இணைத்திருக்கிறேன். தலைமுடி உள்ளவன் நான்.

அன்புடன்
தம்பி

ஏப்ரல் 14

அன்புத் தம்பிக்கு,

புகைப்படம் வந்தது. உன் தலைமுடியை டைப்பிஸ்ட் நம்பவில்லை. எல்லாரும் நலமென்று அறிந்து நிம்மதி. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி சுகம்.

நூலின் பின்னிணைப்புக்காக முதல் ஐந்து வருஷத்து முத்திரை எண்களை அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் கணக்கு உதைக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆறாவது மாதம் நீ தனியாகப் போன ஆய்வு அது. புறப்படும்போது ஆறு புது முத்திரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாய். ஐந்தை ஐந்து புதுப் பெட்டிகளுக்கு வைத்ததாக எழுதியிருக்கிறாய். ஆறாவதைத் திருப்பித் தரவில்லை. ஆய்வு ஒரு நாளில் முடிந்தது என்பது உன் அறிக்கை. உன்னைக் கூட்டிவந்த ஜீப் டிரைவரின் குறிப்பேட்டில் ஐந்தாம் நாள் திரும்பியதாக இருக்கிறது.

மறந்து போயிருப்பாய். யோசித்து எழுது, அவசரமில்லை.

அக்கா

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே விடாத மழை. மேல்மாடி ஒழுகுகிறது, பாத்திரம் வைத்துப் பிடிக்கிறோம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ கேட்டது இருபத்துநாலு வருஷத்துப் பழைய கதை. ஒரு முத்திரை கீழே விழுந்து வளைந்திருக்கும், குப்பையில் போட்டிருப்பேன். ஜீப் வழியில் படுத்துவிட்டது என்று நினைவு. இதெல்லாம் நூலில் யார் படிக்கப் போகிறார்கள்? கல்லூரி தொடங்கிய கதையை எழுது, ஆபத்துக் காலத்தில் காற்று வீசும் திசையைத் தந்தியில் சொல்லிக்கொள்ள ஏற்பாடு செய்தார்களே அதை எழுது. அதுதான் சுவாரசியம்.

தம்பி

ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

நலம். அவ்விடமும் அவ்வாறே இருக்கட்டும்.

தாங்கள் மே 30 தேதியிட்ட கடிதத்தில் தெரிவித்த விவரம் போதுமானதாக இல்லை. கீழ்க்கண்டவற்றுக்குத் தெளிவான பதில் தேவை.

ஒன்று. மூன்றாம் அறைக் கதவின் பழைய முத்திரை பழுதின்றி இருந்தது, அப்படியே விடப்பட்டது என்பது அறிக்கை. மறு வருஷம் போன ஆய்வாளர் அதே கதவில் பார்த்து எழுதிய எண், காணாமற்போன ஆறாவது முத்திரையின் எண். எப்படி?

இரண்டு. ஜீப் வழியில் நின்றதற்கான குறிப்பு டிரைவரின் ஏட்டில் இல்லை. நான்கு நாள் தாங்கள் எங்கே இருந்தீர்கள்?

மூன்று. அந்த அறையிலிருந்து எரிபொருள் ஏதாவது வெளியே போனதா?

தம்பி, இனி நான் கேட்பது. அந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டாய். அடுத்த வருஷமே அந்த நிலையத்தில் வேலை பார்த்தவளையே கல்யாணம் செய்துகொண்டு அந்த ஊரிலேயே வீடும் வாசலுமாக உட்கார்ந்தாய். அப்பா கடைசிவரை உன் பேச்சை எடுக்கவில்லை. அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அவர்கள் உனக்கு என்ன கொடுத்தார்கள்?

அக்கா

ஜூன் 24

அக்காவுக்கு,

நாங்கள் நலம்.

பிறந்ததிலிருந்து நீ என்னைத் ‘தாங்கள்’ என்று சொன்னதில்லை. கோபம் வந்தால் ‘டேய்’ என்பாய், அதிகக் கோபம் வந்தால் பேசமாட்டாய். கடிதத்தின் முதல் பாதியை யார் சொல்ல நீ எழுதினாய்? கடைசிப் பத்தி மட்டும் உன்னுடையது. அது அதைவிட மோசம்.

மூன்று கேள்விக்கும் பதில் எழுதமாட்டேன். நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். என் கடிதங்களை உன்னைத் தவிர யார் படிக்கிறார்கள்? என் மகளின் விண்ணப்பம் நான்கு மாதமாக அங்கே கிடக்கிறது. இரண்டு இயக்குநரும் கையெழுத்திட வேண்டும். இந்தப் பக்கத்தவர் போட்டுவிட்டார். உங்கள் பக்கத்தவர் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறாராம்.

தம்பி

ஜூலை 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன். என்னைத் தவிர யாரும் படிக்கவில்லை. வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். அலுவலக நடையிலேயே எழுதி எழுதிக் கை பழகிவிட்டது, அவ்வளவுதான். வீண் சந்தேகம் வேண்டாம். உன் காதுக்கு நல்ல டாக்டராகப் பார். முழங்காலுக்கு நானும் பார்க்கிறேன்.

பதில் போடு.

அக்கா

ஆகஸ்ட் 19

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பியின் மனைவி எழுதுகிறேன். இத்தனை வருஷத்தில் இதுதான் என் முதல் கடிதம். உங்கள் உடல்நலம் பற்றி இவர் அடிக்கடி கவலைப்படுவார். நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்று எழுத ஆசைதான். இவர் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை.

உங்கள் கடிதங்களைப் படித்தேன். இவர் ஒளித்துதான் வைத்திருந்தார். நான் இருபது வருஷம் கதிர்வீச்சு அளந்தவள். கண்ணுக்குத் தெரியாததையே கண்டுபிடிப்பேன், அலமாரிக்குப் பின்னால் இருந்த கடிதம் எம்மாத்திரம்?

மூன்றாம் அறைக் கதவின் கம்பியை வெட்டியது நான். அன்று மதியம் வேலைக்கு வந்து அளவுக்கருவியோடு நடையில் போய்க்கொண்டிருந்தேன். கதவின் அடியில் புகை வந்தது. உள்ளே காற்றுவிசிறியின் மோட்டார் எரிகிறது. முத்திரையை எடுக்க வேண்டுமானால் கூட்டுக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மேலாளர் அனுமதிக்குத் தந்தி அடிக்கிறேன், பொறுத்திரு என்றார். பதில் வர இரண்டு நாள் ஆகும். புகை பொறுக்குமா? குறடு எடுத்து வெட்டினேன். பத்து நிமிஷத்தில் தீ அணைந்தது. மேலாளர் பயந்துபோய், யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லிக் கம்பியை முறுக்கி மாட்டிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து உங்கள் தம்பி ஆய்வுக்கு வந்தார். கை வைத்ததும் கம்பி கையோடு வந்தது. மேலாளர் எலி கடித்திருக்கும் என்றார். இவர் கம்பியைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார்.

நான் முன்னால் போய்ச் சொன்னேன்: “எலி இல்லீங்க, நான்தான் வெட்டினேன். எழுதிக்கோங்க.”

“எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும். எழுதுங்க.”

அந்த மாதம் இரண்டு தலைநகரிலும் ஒப்பந்தத்தைக் கிழிக்க ஒரே ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாசவேலை என்று பத்து வருஷம் போட்டிருப்பார்கள். இவர் சாயங்காலம்வரை நடையில் உட்கார்ந்திருந்தார். பிறகு, “எண்ணிடலாம்” என்றார். நான்கு நாள் எண்ணினோம். முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டு, ஒவ்வொன்றின் எண்ணும் சரி, ஒன்று குறையவில்லை. அதன் பிறகுதான் புது முத்திரை வைத்தார். அறிக்கையில் பழைய எண்ணையே எழுதினார்.

எனக்கு அவர்மேல் நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் கேட்டேனா என்று சண்டை போட்டேன். எட்டு மாதம் கழித்து வேலையில்லாமல் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பொய் எழுதிய கையால் இன்னொரு அறிக்கை எழுத முடியவில்லை, விட்டுவிட்டேன் என்றார். தொழிற்பள்ளியில் வாத்தியார் வேலை தேடிக்கொண்டார். கல்யாணம் அதற்கப்புறம்.

அவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். வீடு என் அப்பா கட்டியது. மேல்மாடி ஒழுகும் வீட்டை எந்த அரசாங்கமும் லஞ்சமாகக் கொடுக்காது.

நான் எழுதுவது இவருக்குத் தெரியாது. அலுவலகத்துக்கு அனுப்பாமல் உங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். காரணம் உங்களுக்கே தெரியும்.

வணக்கத்துடன்
தம்பி மனைவி

அக்டோபர் 11

அன்புத் தம்பிக்கும் அவன் மனைவிக்கும்,

இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? தம்பி சாப்பிடுகிறானா? அதை முதலில் எழுதுங்கள்.

உன் மனைவி எனக்கு எழுதியிருக்கிறாள். அவளைக் கோபிக்காதே. கடிதம் வந்து ஏழு வாரமாகிறது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், நான் அதையும் நம்பவில்லை. ஆவண அறையில் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் அறையில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டுகளின் எண்களையும் எழுதி வைத்துக்கொண்டு, பின்னால் வந்த ஒவ்வொரு ஆய்விலும் தேடினேன். வேறு வேறு ஆய்வாளர்கள் எண்ணியவை. மூன்றே வருஷத்தில் எல்லாக் கட்டுகளும் உலைக்குள் போயிருக்கின்றன. எல்லாமே கணக்கில் இருக்கின்றன.

நான்கு வார வேலை. ஏப்ரலிலேயே இதைச் செய்திருக்கலாம். கட்டுகளைத் தேடாமல் உன்னைத் துருவினேன்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உன் கடிதங்களை நம் பக்கத்து இயக்குநர் படித்தார். ஆறாவது முத்திரையைக் கண்டதும் நானாகவே அவரிடம் போய்ச் சொன்னேன். என்னை யாரும் கேட்கவில்லை. உன்மேல் எனக்கு இருபத்துநாலு வருஷச் சந்தேகம், அதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்று கால் தானாக நடந்தது. அவர், “உங்க தம்பி கையெழுத்துலயே வரட்டும்மா, புதுப்பிக்கிற பேச்சுல நமக்கு உதவும்” என்றார். ‘தாங்கள்’ அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. உன் மகள் விண்ணப்பம் அவர் மேஜையில் இருப்பதையும் அப்போதே காட்டினார். ஜூலையில் நான் எழுதியது முழுப் பொய். அதை எழுதும்போது அவர் பக்கத்தில் இல்லை. அந்தப் பொய் மட்டும் முழுக்க என்னுடையது.

உன் மனைவியின் கடிதத்தை அவருக்குக் காட்டவில்லை. புதிதாகக் கடிதம் வந்ததா என்று கேட்டார், வரவில்லை என்றேன். ஆனால் முத்திரை எண்கள் அவரிடம் இருக்கின்றன. பாதிக் கதையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் எரிபொருளைத் திருடியது என்று மேஜையில் போடப் போகிறார். அதற்கு முன்னால் முழுக் கதையையும் நூலில் ஒரு பக்கமாக எழுதி இரண்டு இயக்குநருக்கும் ஒரே நாளில் கொடுக்கலாமென்று இருக்கிறேன். புகை, குறடு, நான்கு நாள் எண்ணிக்கை, அறிக்கையில் பொய், எல்லாம். உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு வரி எழுதமாட்டேன்.

அக்கா

நவம்பர் 3

அக்காவுக்கு,

எழுது.

கம்பியை வெட்டியது ஓர் ஊழியர் என்று மட்டும் போடு என்று நான் சொன்னேன். அவள் சம்மதிக்கவில்லை. கதிர்வீச்சு அளக்கும் பெண் ஊழியர் என்று போட வேண்டுமாம். அப்படியே போடு.

தம்பி

ஜனவரி 17

அன்புத் தம்பிக்கும் உன் மனைவிக்கும்,

நவம்பர்க் கடிதத்தில் என் முழங்காலை நீ விசாரிக்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், இப்போது கைத்தடி. நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். நூலுக்கான அந்த ஒரு பக்கத்தை எழுதி இரண்டு இயக்குநர் மேஜையிலும் வைத்தேன். நம் பக்கத்தவருக்கு முகம் கறுத்துவிட்டது. அந்தப் பக்கத்தவர் இரண்டு தடவை படித்தார். பிறகு தன் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நம் நிலையத்தில் முத்திரை அறுந்து, யாருக்கும் சொல்லாமல் மாற்றப்பட்ட இரண்டு சம்பவம் அதில் இருந்தது. எத்தனை வருஷமாக வைத்திருந்தாரோ. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மாலையே நான் எழுதிய பக்கத்தின் குறுக்கே இரண்டு பேரும் கோடு கிழித்துக் கையெழுத்தும் போட்டார்கள். இருபத்தைந்து வருஷத்தில் இரண்டு நாடும் வாக்குவாதமே இல்லாமல் ஒத்துப்போனது இதில்தான்.

ஒப்பந்தம் பத்து வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. திருட்டு என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. நூல் பளபளவென்று வந்திருக்கிறது, அதில் மூன்றாம் அறை இல்லை. ஆனால் புது ஒப்பந்தத்தைப் புரட்டினேன். பதினொன்றாம் பிரிவு புதிது. தீயோ புகையோ கண்டால், பணியில் இருக்கும் எந்த ஊழியரும் முத்திரையை வெட்டிக் கதவைத் திறக்கலாம், ஒரு நாளுக்குள் குழுவுக்குத் தெரிவித்தால் போதும், அவர்மேல் குற்றமில்லை. அந்தப் பக்கத்தவர் கொண்டுவந்தார், நம் பக்கத்தவர் மறுக்கவில்லை. ஏன் என்று எங்கேயும் எழுதவில்லை. அந்தப் பிரிவின் நகலை உன் மனைவிக்காக இணைத்திருக்கிறேன்.

உன் மகளின் விண்ணப்பத்தில் கையெழுத்து விழவில்லை. இந்த வருஷம் போய்விட்டது. அதற்கு நானும் காரணம். அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.

மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. உன் வீட்டை நான் பார்த்ததே இல்லை. வரட்டுமா? என்னை மன்னிக்க முடியுமா உன்னால்?

அக்கா

மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? கைத்தடி வழுக்காமல் பார்த்துக்கொள். நாங்கள் மூவரும் நலம். சாப்பிடுகிறேன்.

பதினொன்றாம் பிரிவை அவளுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அப்புறம் அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் சேர்ந்திருக்கிறாள். அத்தை மேல் கோபமா என்று கேட்டேன். பார்த்தாத்தானே தெரியும் என்றாள்.

மன்னிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். இரண்டு மாதமாக அதற்குத்தான் பதில் எழுதிப் பார்க்கிறேன், வரவில்லை. நீ என் கடிதத்தை அவரிடம் கொடுத்ததைக்கூட ஒருவிதமாக விழுங்கிவிட்டேன். இருபத்துநாலு வருஷம் என்னை அப்படி நினைத்துக்கொண்டே, காது எப்படி இருக்கிறது என்று விசாரித்தாயே, அதுதான் தொண்டையில் நிற்கிறது. நீங்களும் அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்தானே இருந்தீர்கள் என்கிறாள் அவள். அதுவும் உண்மை.

ஆனால் வா. ஸ்டேஷனுக்கு அவள் வருவாள். நான் வீட்டில் இருப்பேன். முதல் நாள் நான் உன்னிடம் சரியாகப் பேசமாட்டேன். அதற்காக மறுநாளே கிளம்பிவிடாதே.

தம்பி